சீட்டு எழுதிய பிறகு

2001 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்க மருந்துக் கடைகளில் ஒரு விலை சரிந்தது. உலகம் முழுக்கப் பேர்பெற்ற மனச்சோர்வு மாத்திரை புரோசாக். அதன் காப்புரிமைக் காலம் முடிந்து, அதே மருந்தை ஃபுளூவாக்ஸெடின் என்ற மூலப்பெயரிலேயே இன்னொரு நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புரோசாக்கைத் தயாரித்த ஈலை லில்லி சில மாதங்களுக்குள் தன் சந்தையின் பெரும்பகுதியை இழந்தது. வணிகப் பத்திரிகைகள் அதைப் பெருஞ்செய்தியாக எழுதின.

நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 6 விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் விடுதியின் ஓலைக்கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. அன்றைக்கே 25 பேர் இறந்தார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை 28 ஆனது. ஆண்களும் பெண்களுமாக, பெரும்பாலும் வீட்டார் கொண்டுவந்து விட்டுப்போனவர்கள்.

இந்த இரண்டு செய்திகளையும் அந்த வாரம் யாரும் சேர்த்து வாசித்திருக்க மாட்டார்கள். சேர்த்து வாசித்தால் ஒரு கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் விலை விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்திய நிறுவனங்கள் ஃபுளூவாக்ஸெடினை மலிவாகத் தயாரித்து விற்றுக்கொண்டிருந்தன. ஏர்வாடியில் கட்டிக்கிடந்தவர்கள் பலருக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய மருந்துகளான குளோர்புரோமசைனும் ஹாலோபெரிடாலும் அதைவிடப் பழையவை, அதைவிட மலிவானவை. உலகத்திலேயே மருந்து மலிவாகச் செய்யும் நாடுகளில் ஒன்றில், மாத்திரையைவிடச் சங்கிலி எப்படி மலிவாகிப் போனது?

மருந்து விலையின் வரலாற்றை நிறுவனம், நீதிமன்றம், அரசாணை என்ற வரிசையில் எழுதுவது வழக்கம். அந்த வரிசை வேண்டியதுதான். ஆனால் மருத்துவர் சீட்டு எழுதிய பிறகு தொடங்கும் வரலாறு ஒன்று உண்டு. சீட்டை எடுத்துக்கொண்டு யார் போகிறார், எத்தனை பேருந்து மாறுகிறார், எந்த நாள் கூலியை விடுகிறார், மாத்திரை அட்டையை வீட்டில் எங்கே ஒளித்துவைக்கிறார் என்பது அந்த வரலாறு. அதில் பெரும்பாலும் பெண்களே வருகிறார்கள், நோயாளியாக அல்லது நோயாளியின் தாயாக, மனைவியாக, மகளாக.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வரலாறுகளையும் வண்டியூரில் நின்று பார்க்கிறது. மதுரைக்குக் கிழக்கே, வைகைக்கரையில், இன்று மாநகராட்சிக்குள் இருக்கும் ஊர். சித்திரையில் ஆற்றில் இறங்கிய அழகர் துலுக்க நாச்சியாரைப் பார்க்க வண்டியூருக்கு வருகிறார் என்பது இங்குள்ள மக்கள் சொல்லும் கதை. ஊர்ப்பெயரைத் தாங்கிய மாரியம்மன் கோயில் தென்கரையில், திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளத்துக்கு எதிரே இருக்கிறது. அம்மை கண்டவர்களுக்கு அங்கிருந்து தீர்த்தம் கொண்டுபோவார்கள். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கே.கே. நகர். கொஞ்ச தூரத்தில் கோரிப்பாளையம். அங்கே நடந்துபோகும் தொலைவுக்குள் ஒரு தர்காவும், ஊர்க்காரர்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையும். மனசு சரியில்லாத ஒருவரை அழைத்துப்போகக்கூடிய எல்லா வாசல்களும் இங்கே அருகருகே இருக்கின்றன. எந்த வாசலுக்கு எவ்வளவு செலவு என்பதுதான் கேள்வி.

வேரும் காப்புரிமையும்

நவீன மனநல மருந்துகளின் கதை நம் ஊர் வேர் ஒன்றிலிருந்தும் தொடங்குகிறது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்க மருத்துவர்கள் அதன் பயனை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தது. வேர் நிறுவனப் பெயர் தாங்கிய மாத்திரையாக மாறிய பிறகுதான் உலகம் அதை மருந்து என்று ஏற்றது.

அதே காலத்தில் பிரான்ஸின் ரோன்-பூலங்க் நிறுவனத்தில் குளோர்புரோமசைன் உருவானது. 1952இல் பாரிஸ் மருத்துவர்கள் டிலேயும் டெனிக்கரும் அதை மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவரை காப்பகம், பூட்டு, மின்னதிர்ச்சி, இன்சுலின் மயக்கம் என்று இருந்த சிகிச்சைக்கு முதன்முறையாக மாத்திரை என்ற மாற்று வந்தது. இவற்றுக்குச் சற்று முன்னால், 1949இல், ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் லித்தியம் உப்பு வெறிநிலையைத் தணிக்கிறது என்று எழுதியிருந்தார். லித்தியம் இயற்கையில் கிடைக்கும் தனிமம். யாரும் காப்புரிமை கோர முடியாது. அதனால்தானோ என்னவோ, அதை விளம்பரப்படுத்தி விற்க எந்தப் பெருநிறுவனமும் அவசரப்படவில்லை. அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது 1970இல்தான். மலிவாக இருப்பதும் ஒரு மருந்துக்குத் தடையாகலாம் என்பதை லித்தியத்தின் கதை காட்டுகிறது.

காப்புரிமை என்ன செய்யும் என்பதை 1960இல் அமெரிக்க செனட்டர் கெஃபாவரின் குழு அம்பலப்படுத்தியது. மன அமைதி மாத்திரைகளின் விலையை அது தனியாகவே விசாரித்தது. ஒரே மருந்து பாரிஸில் ஒரு விலை, அமெரிக்காவில் பல மடங்கு விலை என்று தெரியவந்தது. இந்தியாவைப் பற்றியும் அந்தக் குழு ஒன்று சொன்னது. வருமானம் இவ்வளவு குறைந்த நாட்டில் சில மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமானவற்றுள் சேரும் என்று. காரணம், 1911ஆம் ஆண்டின் வெள்ளைக்காரர் காலத்துக் காப்புரிமைச் சட்டம் அப்படியே தொடர்ந்தது.

அதை மாற்றும் வேலையைத் தொடங்கிவைத்தவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பான்மை இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்று 1959இல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்த அடிப்படையில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1972இல் நடைமுறையானது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான். வேறு முறையில் செய்யத் தெரிந்தவர் செய்துகொள்ளலாம். மனநல மருந்துகளில் இன்று நாம் காணும் மலிவின் வேர் இந்த ஒரு வரி. 2005இல் பொருள் காப்புரிமை திரும்பி வந்தது. அதற்குள் பழைய மருந்துகள் எல்லாம் பொதுவாகிவிட்டிருந்தன.

ஆனால் சட்டம் தயாரிப்புச் செலவைத்தான் குறைத்தது. மருத்துவர் சீட்டில் எழுதுவது மூலப்பெயரை அல்ல, வணிகப்பெயரை. அதே மூலப்பொருளுக்குப் பத்துப் பெயர், பத்து விலை. நோயாளி எந்தப் பெயரையும் தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டில் இருப்பதைக் கொடுங்கள் என்கிறார். 2013இன் விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு வைத்தது. அந்த உச்சவரம்பைத் தயாரிப்புச் செலவிலிருந்து கணக்கிடவில்லை. சந்தையில் ஏற்கெனவே விற்கும் விலைகளின் சராசரியிலிருந்து கணக்கிட்டது. உயர்ந்த விலைகளின் சராசரி எப்படித் தாழ்வாக இருக்கும் என்று அகில இந்திய மருந்து நடவடிக்கை வலைப்பின்னல் கேட்டதில் நியாயம் இருந்தது.

வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோய்

சென்னையில் 1794இலேயே மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கிவிட்டது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. தென்மாவட்டத்துக் குடும்பம் ஒன்றுக்கு, மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ, அரசு மனநல மருத்துவமனை என்றால் நெடுங்காலம் கீழ்ப்பாக்கம்தான். ஒரு இரவு ரயில் தூரம்.

அந்த மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்தியவர் ஒரு பெண், டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். மாத்திரைகள் வந்த தலைமுறை அவருடையது. உள்ளேயே அடைந்து கிடந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம், புறநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொள்ளலாம், வேலை பழகலாம் என்ற திசையில் அவர் அந்த நிறுவனத்தை நகர்த்தினார். ஓய்வுக்குப் பிறகு 1984இல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு பற்றிய ஆய்வில் உலக அளவில் பேர் பெற்றது.

நோயாளி வீட்டுக்குப் போகலாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் வீடு என்பது யார்? அரசு செய்துவந்த வேலையான மாத்திரை கொடுப்பது, விழுங்கினாரா என்று பார்ப்பது, இரவு விழித்திருப்பது, மாதம் ஒருமுறை அழைத்துப்போவது எல்லாம் வீட்டுக்குள் வந்து விழுந்தது. அதற்குக் கூலி கிடையாது. அந்தக் கூலியில்லா வேலையைத் தமிழ்க் குடும்பத்தில் யார் செய்கிறார்கள் என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

நோயாளியே பெண்ணாக இருந்தால் கதை வேறு. ஸ்கார்ஃபின் டாக்டர் ரா. தாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் மனச்சிதைவு கண்டு மணவாழ்வு முறிந்த பெண்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் நோயுற்றால் மனைவி மாத்திரை கொடுக்கிறாள். மனைவி நோயுற்றால் அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். ஜீவனாம்சம் அநேகமாக வருவதில்லை. சட்டப்படி விவாகரத்துகூட ஆகியிருப்பதில்லை. வயதான பெற்றோர், குறிப்பாகத் தாய், மருந்துச் செலவைச் சுமக்கிறார். எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்பதுதான் அந்தப் பெற்றோரின் முதல் கவலை. மாத்திரையின் விலையைக் குறைக்க வேண்டும் என்று நாம் பேசும்போது, அறுபது எழுபது வயதுப் பெண் ஒருத்தியின் முந்தானை முடிச்சிலிருந்து போகும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஒரே டெண்டர்

தமிழ்நாடு இந்த வரலாற்றில் பெருமைப்படக்கூடிய ஒன்றைச் செய்திருக்கிறது. 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, 1995 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்க ஆரம்பித்தது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் இரா. பூர்ணலிங்கம்.

அதன் இயக்கம் எளிமையானது. மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை ஒரே டெண்டரில், மூலப்பெயரில், தயாரிப்பாளரிடமிருந்து நேரடியாக வாங்குவது. இடையில் முகவர் இல்லை. வந்த மருந்தின் மாதிரியை, தயாரிப்பாளர் பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிப்பது. தேறினால்தான் வெளியே விடுவது. மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம்போல ஒரு பாஸ்புக். இவ்வளவு தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். எடுக்க எடுக்கக் கழியும். மாத்திரை அட்டையிலேயே அரசு முத்திரையும் விற்பனைக்கு அல்ல என்ற அச்சும் இருக்கும். பெரியாஸ்பத்திரி மாத்திரை மெடிக்கலில் விலைக்கு வருவதை இது கடினமாக்கியது. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரியில் கழகங்களைத் தொடங்கின.

மனநல மருந்துகளும் இந்தப் பட்டியலில் உண்டு. வண்டியூர்ப் பெண் ஒருத்திக்கு அரசு மருத்துவமனையில் லித்தியமோ ரிஸ்பெரிடோனோ எழுதிக் கொடுத்தால், மருந்தகச் சன்னலில் அதற்குப் பணம் கேட்பதில்லை. விலை பூஜ்யம். இதைவிடக் குறைக்க முடியாது.

அப்படியானால் கதை முடிந்துவிட்டதா? கழகம் மருந்து வழங்க ஆரம்பித்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் ஏர்வாடி எரிந்தது.

மருந்து இலவசம். ஆனால் சீட்டு எழுத மனநல மருத்துவர் வேண்டும். அவர் மாவட்டத் தலைநகரில் இருக்கிறார், அல்லது அங்கும் இல்லை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் காகிதத்தில் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாடு முழுவதற்கும் நான்கே மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று திருச்சி. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அது பிறகே வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு குடும்பத்தின் முன் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். நகரத்துத் தனியார் மருத்துவர்: கட்டணமும் வணிகப்பெயர் மாத்திரையும். கீழ்ப்பாக்கம்: ரயிலும் தங்குமிடமும். ஏர்வாடி: மாதாமாதம் விடுதிக்காரருக்கு ஒரு தொகை, அதோடு பொறுப்பு முடிந்தது. வீட்டில் கூலிக்குப் போக வேண்டிய ஒருவர் பார்த்துக்கொள்ள உட்கார வேண்டியதில்லை. சங்கிலி மலிவானது இப்படித்தான். குடும்பங்களின் மூடநம்பிக்கை என்று அன்றைய தலையங்கங்கள் எழுதின. நம்பிக்கையும் இருந்தது. கணக்கும் இருந்தது.

தீக்குப் பிறகு அரசு அந்த விடுதிகளை மூடியது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நீதிபதி ராமதாஸ் ஆணையம் அமைக்கப்பட்டது. மதுரையில் 1992 முதல் இயங்கிவந்த எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் அதன் நிறுவனர் டாக்டர் சி. ராமசுப்பிரமணியனும் தென்மாவட்டங்களில் மனநலப் பணியை விரிவாக்குவதில் முக்கியப் பங்காற்றினார்கள். பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே ‘தவா-துவா’ என்ற பெயரில், பிரார்த்தனைக்குப் பக்கத்திலேயே மருந்தும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டின் அறிவு எளிமையானது. மக்கள் எந்த வாசலுக்கு ஏற்கெனவே வருகிறார்களோ அங்கே மாத்திரை இருக்க வேண்டும்.

வண்டியூர்க் கணக்கு

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அது சொன்னது. சிகிச்சை பெறும் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிடுகின்றன, முக்கியமாகச் சிகிச்சைக்கும் பயணத்துக்கும் என்றும் சொன்னது. பயணம் என்ற சொல்லை மருந்துவிலைப் புள்ளிவிவரங்களில் அடிக்கடி பார்க்க முடியாது.

2023 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டுக் குடும்பத் தலைவிகளுக்கு வரும் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் உரிமை என்று அரசு கொடுக்கும் தொகை, வீட்டில் ஒருவருக்கு மனநோய் இருந்தால், பல ஆண்டுக்கு முந்தைய விலைவாசியிலேயே அதற்குச் சரியாகப் போய்விடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எந்த மருந்துக் கொள்கையிலும் இடம்பெறாத இந்த விடியல் பயணம், வண்டியூரிலிருந்து அண்ணா பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் பெண்ணுக்கு அவள் மாத்திரையின் விலையைக் குறைத்த திட்டம். கூட வரும் மகனுக்குத்தான் டிக்கெட்.

குறையாதது நாள். காலையில் ஓ.பி. சீட்டு வரிசை, பிறகு மருத்துவர் வரிசை, பிறகு மருந்தக வரிசை. சிட்டாள் வேலைக்குப் போகிறவளுக்கு ஒரு நாள் கூலி. பூக்கட்டுகிறவளுக்கு அன்றைய பூ. வீட்டுவேலைக்குப் போகிறவள் அடிக்கடி விடுப்புக் கேட்டால் வேலையே போகும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லி விடுப்புக் கேட்கலாம். இந்த மாத்திரைக்குக் காரணம் சொல்ல முடியாது.

அந்தச் சொல்ல முடியாமையும் விலையின் ஒரு பகுதி. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எழுதும் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை எச்1 அட்டவணையில் உள்ளவை. கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். தவறான பயன்பாட்டைத் தடுக்க அது தேவையான விதி. ஆனால் தெருமுனை மெடிக்கல்காரர் மாமனாருக்குத் தெரிந்தவராக இருந்தால், பெண் தெருமுனையில் வாங்க மாட்டாள். ஷேர் ஆட்டோ பிடித்து வேறு பகுதிக்குப் போவாள்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கான காரணங்களுள் ஒன்று. மாத்திரைச் சீட்டு வழக்கறிஞர் கையில் ஆவணமாகும். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ இயலாத அளவுக்கு அது கடுமையானதா என்று பார்க்க வேண்டும் என்று 1988இல், கணவர் ஒருவர் தொடுத்த ராம் நாராயண் குப்தா வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அரிசி டப்பாவுக்குள் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்கிற பெண்ணிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும்

இங்கே பெண்ணியம் தன் பழைய நினைவு ஒன்றை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியப் பெண்ணிய இயக்கத்துக்கும் மருந்துக்கும் நடந்த முதல் பெரிய போராட்டங்கள் மருந்து வேண்டாம் என்பவை. 1980களில் அதிக அளவு ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டிரோன் மருந்துகளுக்கு எதிரான பிரச்சாரம். 1986இல் நெட்-என் கருத்தடை ஊசிக்கு எதிராக ஹைதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனாவும் பிற அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போன வழக்கு. பெண் உடலைக் கேட்காமல் சோதனைக் களமாக்காதே என்பது அவற்றின் குரல்.

மனநல மருந்தில் அந்த ஐயம் இன்னும் கூர்மையானது. மேற்கில் 1960களில் டயசிபாம் போன்ற அமைதி மாத்திரைகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிக அதிகமாக எழுதப்பட்டன. சலித்த குடும்பத் தலைவி என்பவளே விளம்பரங்களின் நாயகி. வீட்டில் அடி, வரதட்சணைக் கெடுபிடி, ஓயாத வேலை ஆகியவை ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்யும்போது, அவள் கையில் மாத்திரையைக் கொடுத்துத் தூங்கு என்பது சிகிச்சையா, வாயடைப்பா? பார்கவி தாவர் இந்தக் கேள்வியை இந்தியச் சூழலில் வைத்து விடாமல் கேட்டவர். 1999இல் வந்த அவருடைய நூல் இந்தியப் பெண்களின் மனநலத்துக்கான பெண்ணிய நிகழ்ச்சிநிரலையே முன்வைத்தது. 2024இல் அவர் மறைந்தபோது அந்தக் கேள்விகள் முடியவில்லை.

இந்த ஐயத்தை விலைப் பேச்சுக்கு எதிராக நிறுத்த வேண்டியதில்லை. இரண்டும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. மலிவு என்று ஒரே ஒரு மருந்தை அலமாரியில் வைத்தால் அதன் விலையைப் பெண்ணுடல் கொடுக்கும். சோடியம் வால்புரோயேட் விலை குறைந்தது, இருமுனைப் பிறழ்வுக்கும் வலிப்புக்கும் நன்றாகவே வேலை செய்வது. கர்ப்பகாலத்தில் எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடும் வளர்ச்சிப் பாதிப்பும் வரும் ஆபத்து கணிசமானது. 2018இல் பிரிட்டன், கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்கு அதைக் கொடுப்பதில் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஹாலோபெரிடாலும் ரிஸ்பெரிடோனும் புரொலாக்டின் சுரப்பைக் கூட்டும். மாதவிலக்கு நின்றுபோகலாம், பால் சுரக்கலாம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினால், குழந்தையில்லை என்று ஏற்கெனவே ஏச்சு வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் என்ன நடக்கும்? அவள் மாத்திரையை நிறுத்திவிடுவாள். மருந்தைத் தானாக நிறுத்தினாள் என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

ஆகவே கேட்க வேண்டியது இரண்டு. வேண்டாம் என்று சொல்லும்போது காரணம் கேட்டு மாற்று மருந்து கொடுக்கும் மருத்துவம். வேண்டும் என்று வரும்போது கைக்கெட்டும் தூரத்தில் மாத்திரை. முதலாவது இல்லாத மலிவு, பெண்ணை அமைதிப்படுத்தும் மலிவு. இரண்டாவது இல்லாத விமர்சனம், காசுள்ளவர்களின் விமர்சனம்.

சட்டம் நின்ற படி

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த இரண்டையும் ஏட்டளவிலாவது ஏற்றுக்கொண்டது. நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. ஏர்வாடியின் நிழல் அந்த வரியில் தெரிகிறது. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமிக்கலாம். அவர் கணவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகளை எந்நேரமும் இலவசமாகக் கொடுப்பது அரசின் கடமை என்கிறது 18ஆம் பிரிவு.

எங்கிருந்து? சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேல்நோக்கி. அதற்குக் கீழே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும், கர்ப்பிணிகளும் தடுப்பூசிக் குழந்தைகளும் வந்துபோகும் துணை சுகாதார நிலையமும் அந்த வாக்கியத்துக்குள் வரவில்லை. பெண்கள் நடந்தே போகக்கூடிய படிகள் அவைதாம். சட்டம் அவற்றுக்கு ஒரு படி மேலேயே நின்றுவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த ஒரு படி இறங்குவது புதிய வேலை அல்ல. 2008 முதல் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள், 2014இல் கூட்டுறவு வழியாக அம்மா மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் என்று மலிவுவிலைக் கடைகள் அடுத்தடுத்து வந்தன. அவை விலையைக் குறைக்கின்றன. தூரத்தையும் ரகசியத்தையும் குறைப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வேறு வகை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர்கள். அந்தப் பையில் மனநல மருத்துவர் எழுதிய மாத்திரையும் சேர்ந்து வரட்டும். நிலைபெற்ற நோயாளிகளுக்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆகட்டும். சர்க்கரை மாத்திரைக்கு உள்ள அதே உறையில் வந்தால் பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. லித்தியம் எடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை, வால்புரோயேட் எடுப்பவருக்குக் கர்ப்பம் பற்றிய பேச்சு என்று சில கண்காணிப்புகள் தேவைப்படும். கர்ப்பிணிகளைப் பேறுகாலம்வரை பதிவேட்டில் பின்தொடரத் தெரிந்த ஒரு சுகாதாரத் துறைக்கு இது எட்டாத வேலை அல்ல.

அப்படி நடந்தால், அந்தத் தன்னார்வலர்களின் உழைப்புக்கும் முறையான ஊதியம் வேண்டும். இல்லையென்றால் மாத்திரையின் விலையை ஒரு பெண்ணின் தோளிலிருந்து இறக்கி இன்னொரு பெண்ணின் தோளில் ஏற்றியதாகத்தான் ஆகும். இந்த வரலாற்றில் அது பல முறை நடந்துவிட்டது. காப்புரிமை போனபோது நிறுவனத்தின் பங்கு குறைந்தது. கழகம் வந்தபோது முகவரின் பங்கு போனது. காப்பகம் திறந்தபோது அரசின் பங்கு குறைந்தது. குறையாமல் நின்றது தாயின் பங்கு. அவளுடைய நாளும் கூலியும் பேருந்தும் ரகசியமும் எந்த விலைப்பட்டியலிலும் அச்சாவதில்லை. அவற்றையும் சேர்த்துக் கூட்டிப்பார்த்த பிறகு, மாத்திரையின் விலை குறைந்ததா என்று சொல்லலாம்.